பூர்வகுடிக் குடும்பங்களின் சமரசப் பேச்சில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியாவில் பிரிந்துபோன பெற்றோர், பிள்ளை யாரிடம் வளர்வது என்று நீதிமன்றம் போக நினைத்தால், முதலில் சமரசப் பேச்சுக்கு உட்கார வேண்டும். 1975ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வன்முறை நடந்த குடும்பங்களுக்கு விலக்கு உண்டு. பூர்வகுடிக் குடும்பங்களுக்கும், நாட்டின் வடகோடியில் உள்ள டோரஸ் நீரிணைத் தீவுக் குடும்பங்களுக்கும் இந்தப் பேச்சை நடத்தும்போது, நல்ல மனதுள்ளவர்களே தவறிவிடுகிறார்கள்.

பெரிய தவறு, பெற்றோருக்கு மட்டும் இரண்டு நாற்காலி போடுவது. பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றில் அம்மாவின் அக்கா தங்கையும் பிள்ளைக்கு அம்மாதான். பெரியம்மா, சின்னம்மா என்று கூப்பிட்டுப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். அங்கே வளர்க்கும் பொறுப்பும் அந்த முறையோடு சேர்ந்தே வருகிறது. பாட்டியைக் கேட்காமல் போட்ட ஒப்பந்தம் வீடு போய்ச் சேர்ந்ததும் செல்லாக்காசாகிவிடும். தேதி குறிக்கும் முன்பே, "இந்தப் பிள்ளைக்காகப் பேச வேண்டியவர்கள் யார் யார்?" என்று கேட்டுவிடுங்கள். பூர்வகுடிப் பிள்ளை என்றால் உறவுக் கடமைகளையும் வளர்ப்பு வழக்கங்களையும் பார்க்க வேண்டும் என்று சட்டமே நீதிமன்றத்துக்குச் சொல்கிறது.

அடுத்தது, "சரி" என்றதும் குறித்துக்கொள்வது. "வெள்ளிக்கிழமை சரியா? நாலு மணி சரியா?" என்று அதிகாரி போல அடுக்கினால், எப்போது எழுந்து போகலாம் என்றிருப்பவர் எல்லாவற்றுக்கும் "சரி" என்றுதான் சொல்வார். மொழியியலாளர் டயானா ஈட்ஸ் இந்த வழக்கத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். "வெள்ளிக்கிழமை யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்? வண்டிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அப்புறம் காத்திருங்கள். மௌனம் நீண்டால் அவசரப்பட்டு நிரப்பாதீர்கள், அவர் யோசிக்கிறார். கண்ணைப் பார்க்காமல் பேசுவது பல இடங்களில் மரியாதை. அதைப் போய் ஒளிப்பு மறைப்பு என்று எழுதிவைப்பது பெரிய அநியாயம்.

துக்க நாட்களில் கூட்டம் வைக்காதீர்கள். இறந்தவர் பெயரைச் சொல்லலாமா என்று முதலில் கேளுங்கள். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் உட்காரக் கூடாத சமூகங்களும் உண்டு, அவர்களுக்குத் தனி அறை வேண்டும்.

இடமும் முக்கியம். 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, அரசின் கொள்கையால் குடும்பத்திடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்டதாக 1997இல் வந்த விசாரணை அறிக்கை கணித்தது. அப்படிப் பிரிக்கப்பட்ட ஒருவர் இன்று பாட்டியாகப் பேச்சுக்கு வரலாம். அவரை அரசு அலுவலகத்துக்கு வரச்சொன்னால் வாயே திறக்கமாட்டார். எங்கே உட்காரலாம் என்று அவரையே கேளுங்கள். ஆற்றங்கரை மரத்தடி என்றால் நாற்காலிகளை அங்கே எடுத்துப் போங்கள்.