பெரிய சாண்ட்விச்சை எப்படிச் சாப்பிடக் கூடாது

காரைக்குடியில் நான் வழக்கமாகப் போய் நிற்கும் கடை, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அடைந்துவிடும். ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு தோசைக்கல், அதற்குப் பின்னால் ஒரு அண்ணன், அவ்வளவுதான் கடை. அவர் போடும் சாண்ட்விச் ஒரு சாண் நீளப் பன்னுக்குள் கோழிச் சுக்கா, ஆம்லெட், வெங்காயம், முட்டைக்கோஸ் எல்லாம் திணித்து, வாயை எவ்வளவு திறந்தாலும் பத்தாத உயரத்துக்கு நிற்கும். அதை ஆசையாக வாங்கிவிட்டு, மூன்றாவது கடியில் பாதியைத் தரையில் விட்டு, மீதிக்குத் தட்டும் ஸ்பூனும் கேட்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சாப்பாடு வீணாவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. அதனால்தான் இது.

எல்லாரும் செய்கிற தவறு, பேப்பரை முழுசாகப் பிரித்துவிடுவது. நமக்குப் பார்சல் என்றால் இலையைப் பிரித்துப் பரப்பித்தான் பழக்கம். சோற்றுக்கு அது சரி. சாண்ட்விச்சுக்கு அந்த பட்டர் பேப்பர்தான் சுவர். அடிப்பக்கமும் இரண்டு விலாவும் பேப்பருக்குள்ளேயே இருக்கட்டும், மேலே இரண்டு விரல்கடை மட்டும் திறந்து, வாழைப்பழம் உரிக்கிற மாதிரி, கடிக்கக் கடிக்கக் கீழே இறக்கிக்கொண்டே போங்கள். சொட்டுகிற எண்ணெய் எல்லாம் அடியில் தேங்கும், சட்டைக்கு வராது. இதில் இன்னொரு சௌகரியம் உண்டு. இடது கையால் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம், அதனாலேயே பலர் இவ்வளவு பெரிய பன்னை வலது கையால் மட்டும் தூக்கப் பார்க்கிறார்கள், அது நடுவில் மடிந்து பின்பக்கமாகப் பிதுங்கிவிடுகிறது. இடது கை பேப்பரை மட்டும் பிடிக்கட்டும், வலது கை பன்னைப் பிடிக்கட்டும். ஆச்சி பக்கத்தில் நின்றாலும் திட்ட மாட்டார்கள்.

பேப்பர் என்று சொல்லும்போதே ஒன்று: அது செய்தித்தாளாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அச்சு மை சூடான எண்ணெயில் கரைந்து சாப்பாட்டில் ஏறும். செய்தித்தாளில் உணவு கட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-லும் கடைக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது. கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

அடுத்தது குழம்பு ஆசை. புரோட்டா சால்னாவில் ஊறி வளர்ந்த நாக்கு நம்முடையது, எதைப் பார்த்தாலும் 'அண்ணே, கொஞ்சம் கிரேவி ஊத்துங்க' என்று வாயில் வந்துவிடும். புரோட்டா எண்ணெயும் அடுக்கும் உள்ளது, ஊறினாலும் தாங்கும். பன்னும் பிரெட்டும் பஞ்சு மாதிரி, ஐந்து நிமிஷத்தில் கூழ். சாண்ட்விச்சில் பிரெட் இருப்பதே கைப்பிடியாகத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாண்ட்விச் என்ற ஊரின் பெயரைப் பட்டமாகக் கொண்ட ஒரு பிரபு, சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்காமல் சாப்பிட இறைச்சியை ரொட்டிக்கு நடுவில் வைத்துக் கேட்டார் என்றுதானே கதையே சொல்கிறார்கள். கைப்பிடி ஊறிப்போனால் பிறகு எதைப் பிடிப்பது?

அதனால்தான் நம் பக்கத்து உலர்ந்த சுக்கா வறுவல் இதற்கு அவ்வளவு பொருத்தம். மிளகும் சோம்பும் கல்பாசியும் கறியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், நீர் விடாது. பன்னின் இரண்டு உள்பக்கமும் வெண்ணெய் தடவிக் கல்லில் வாட்டச் சொல்லுங்கள். கொழுப்புப் பூச்சு இருந்தால் ஈரம் சட்டென்று உள்ளே இறங்காது. தக்காளி, வெள்ளரிக்காய்க்கு உப்பைக் கடைசியில் தூவச் சொல்லுங்கள். முன்னாலேயே தூவினால் உப்பு தண்ணீரை இழுத்து வெளியே விட்டுவிடும்.

எலும்பு. நாட்டுக்கோழியில் சில்லு எலும்பு அதிகம், இலையில் சாப்பிடும்போது விரல் கண்டுபிடித்துவிடும், பன்னுக்குள் விரல் போகாது, பல்தான் முதலில் போகும். எலும்பில்லாமல் போடச் சொல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள், குழந்தைக்கு என்றால் நீங்களே ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். பைக்கில் உட்கார்ந்து மடிக்கு மேல் வைத்துச் சாப்பிடுவது எனக்குச் சரியாகப் படவே இல்லை. அமெரிக்காவில் சிகாகோவில் மாட்டிறைச்சியை மெல்லிசாக நறுக்கி, ரொட்டியோடு சேர்த்துச் சாற்றிலேயே முக்கித் தருகிற சாண்ட்விச் ஒன்று உண்டு. அதைச் சாப்பிட அங்கே ஒரு நிலையே வைத்திருக்கிறார்கள், பெயர் இத்தாலியன் ஸ்டான்ஸ். இரண்டு முழங்கையையும் கவுன்டரில் ஊன்றி, காலைப் பின்னால் தள்ளி வைத்து, முன்னால் குனிந்து சாப்பிடுவது. சொட்டினால் கவுன்டரில் சொட்டும், உடம்பில் சொட்டாது. வேட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை. முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஊன்றுங்கள். பாதியில் கீழே வைக்காதீர்கள், வைத்து எடுக்கும்போதுதான் பிரியும்.

கடிப்பதிலும் அவசரம் கூடாது. நட்ட நடுவில் வாய் வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் இரண்டு பக்கமும் ஓடும். ஓரத்திலிருந்து ஆரம்பித்து, மூன்று கடிக்கு ஒருமுறை மறுமுனைக்குத் திருப்புங்கள், பின்னால் தள்ளப்பட்டது முன்னால் வந்துவிடும். இரண்டு பேர் பங்கு போடுவதாக இருந்தால் குறுக்கே ஒரே வெட்டு போதும். நாலாக வெட்டச் சொன்னால் எந்தத் துண்டும் நிற்காது.

மயோனைஸ் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பச்சை முட்டையில் செய்ததைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது, சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். முட்டை இல்லாததா, பிரிட்ஜில் இருந்து எடுத்ததா என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வெயிலில் கவுன்டர் மேலேயே நிற்கிற டப்பாவிலிருந்து பிழிந்தால் மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பார்சல் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். போன சித்திரையில் சாயங்காலம் வாங்கியதை வீட்டு மேஜையில் வைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு எடுத்துச் சாப்பிட்டேன். இரண்டு நாள் படுக்கை. கடைக்காரர் மேல் குற்றமே இல்லை. சமைத்த கறி வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. நம் ஊர்ச் சித்திரையில் நிழலிலேயே அதைவிட அதிகம். ராத்திரியே வாங்கிப் பையில் வைத்து, அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறிச் சாப்பிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து நினைக்காதீர்கள். பக்கத்துத் தெருவுக்குத்தான் பார்சல் என்றால், சுக்காவைத் தனியாகவும் பன்னைத் தனியாகவும் கட்டச் சொல்லி வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சூடாக ஃபாயிலில் சுற்றினால் ஆவி உள்ளேயே நின்று பன் சொதசொதவென்று ஆகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வேட்டியில் சொட்டிவிட்டால், கடையிலேயே தண்ணீர் விட்டுத் தேய்க்காதீர்கள், கறை பரவும். மேலே இருப்பதைப் பேப்பர் ஓரத்தால் வழித்து எடுத்து, எண்ணெயை ஒற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம், சோப்பின் காரத்தன்மை பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். எண்ணெய் போகும்வரை சோப்புப் போட்டு நன்றாக அலசி, நல்ல வெயிலில் விரித்துப் போடுங்கள். மஞ்சளுக்கு வெயில் ஆகாது, கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும்.