மாட்டுக் கொத்துக்கறி ஸ்டூ: எங்கெல்லாம் சறுக்குகிறது, ஏன்

இங்கே பேசப்போவது தேங்காய்ப்பால் ஊற்றி ஆப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளும் இஷ்டு அல்ல. அரைத்த மாட்டுக்கறியைச் சிவக்க வறுத்து, உருளை, கேரட், பீன்ஸ், பட்டாணி, தக்காளியோடு கெட்டியாக வேகவைக்கிற அமெரிக்க வீட்டுச் சமையல். ரொட்டியோடு ஒரு கிண்ணம் இருந்தால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிடும்.

நாலைந்து பேருக்கு இந்த அளவு சரியாக இருக்கும்: கொத்துக்கறி 500 கிராம், உருளைக்கிழங்கு 300, கேரட் 200, பீன்ஸ் 100, பட்டாணி 100, பெரிய வெங்காயம் இரண்டு, செலரி இரண்டு தண்டு, பூண்டு நாலு பல், தக்காளி பேஸ்ட் 2 மேசைக்கரண்டி, நன்கு பழுத்த தக்காளி இரண்டு, மைதா 2 மேசைக்கரண்டி, தண்ணீர் அல்லது எலும்பு வேகவைத்த சாறு 750 மில்லி.

துண்டுக்கறி ஸ்டூவையும் இதையும் ஒன்றாக நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் பிறக்கின்றன. துண்டுக்கறி இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கும்போது அதிலுள்ள சவ்வும் நாரும் கரைந்து ஜெலட்டினாகி, சாற்றுக்குத் தானாகவே கனம் வந்துவிடும். கொத்துக்கறியில் அந்த நாரை மெஷினே வெட்டிவிட்டது. முப்பது, நாற்பது நிமிடத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் கறி மணல்மணலாக உலரும், காய் குழையும், சாறு மட்டும் தண்ணியாகவே நிற்கும். ஆகவே சுவையை வறுக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கெட்டித்தன்மை மைதாவிலிருந்தும் உருளையிலிருந்தும் வர வேண்டும்.

கறி வாங்கும்போது

கொழுப்பே இல்லாத கறி உடம்புக்கு நல்லது என்று தேடி வாங்குகிறோம். ஸ்டூவில் அது சக்கையாகிவிடும். வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் பாக்கெட்டில் 80/20 என்று போட்டிருந்தால் 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. இந்தச் சமையலுக்கு 85/15 நன்றாகப் பொருந்தும். 80/20 என்றால் வறுத்தபின் கொஞ்சம் கொழுப்பை வடித்துவிடலாம். 93/7 வேண்டாம். நம் ஊர்க் கடையில் எருமைக்கறிதான் கிடைக்கிறது என்றால் அதில் இயல்பாகவே கொழுப்பு குறைவு. அரைக்கும்போதே 50 கிராம் கொழுப்பு சேர்த்துப் போடச் சொல்லுங்கள்.

தோள் அல்லது கழுத்துப் பக்கத்துக் கறி நல்லது. பெரிய கண் உள்ள தட்டில் ஒரே தடவை அரைத்தால் போதும். இரண்டு தடவை அரைத்தால் பசையாகி, சட்டியில் கட்டி கட்டியாகச் சேர்ந்துகொள்ளும்.

அரைத்த கறியைச் சல்லடையில் போட்டுக் கழுவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கழுவுவதால் கிருமி போகாது. தெறிக்கும் தண்ணீரோடு தொட்டியிலும் மேடையிலும் பரவத்தான் செய்யும். போதாததற்கு, கறி குடித்த தண்ணீர் வறுபடவே விடாது. கழுவாமல் மனசு கேட்காது என்றால் துண்டாக வாங்கிக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, மிக்ஸியில் விட்டு விட்டுச் சுற்றி எடுங்கள்.

வறுப்பதில் நடப்பவை

அதிகம் கெடுவது இங்கேதான். பாதி சூடான சட்டியில் அரைக் கிலோ கறியையும் ஒரேயடியாகக் கொட்டி, உடனே கரண்டியால் கிண்டத் தொடங்கினால், இரண்டு நிமிடத்தில் அடியில் சாம்பல் நிறத் தண்ணீர் தேங்கிவிடும். தண்ணீர் இருக்கிற வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவந்து வறுத்த மணம் வர 140 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆக, நாம் வறுப்பதாக நினைத்துக்கொண்டு கறியை அவித்துக்கொண்டிருப்போம்.

அடிகனமான, 28 செ.மீ. அளவு அகலமான சட்டி எடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊற்றி, அது லேசாகப் புகையத் தொடங்கும்போது பாதிக் கறியை மட்டும் போடுங்கள். இரண்டு செ.மீ. தடிமனுக்கு அடைபோல் அழுத்திவிட்டு நாலு நிமிடம் தொடாதீர்கள். காதைக் கொடுத்துக் கேளுங்கள். வறுபடும் கறி சுர்ரென்று வறண்ட சத்தம் போடும். அது கொதகொதவென்று மாறினால் தண்ணீர் விட்டுவிட்டது என்று அர்த்தம். தீயைக் கூட்டி, தண்ணீர் வற்றும்வரை காத்திருக்க வேண்டும். அடிப்பக்கம் நல்ல பழுப்பானதும் பெரிய பெரிய துண்டுகளாகப் புரட்டி, இன்னும் இரண்டு நிமிடம் விட்டு, அதன்பிறகே உடைத்துவிடுங்கள். எடுத்து வைத்துவிட்டு மீதிப் பாதியையும் இப்படியே செய்யலாம்.

ஒவ்வொரு துணுக்கும் கருஞ்சிவப்பாக வேண்டும் என்று மெனக்கெடுவதும் தவறுதான். அப்படி வறுத்தால் கறி பொரிந்து கடுக்கென்று ஆகி, சாற்றில் எத்தனை நேரம் கிடந்தாலும் மெத்தென்று வராது. ஒரு பக்கம் சிவந்து, மறுபக்கம் வெளிறி இருந்தால் போதும்.

கறி எப்போதுமே தண்ணீர் விடுகிறது என்றால் ஒரு வழி உண்டு. கால் டீஸ்பூன் சமையல் சோடாவை ஒரு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து 500 கிராம் கறியில் பிசறி, 15 நிமிடம் வையுங்கள். காரத்தன்மை கூடுவதால் கறி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், சீக்கிரம் சிவக்கவும் செய்யும். கால் டீஸ்பூனுக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும். உப்பை மட்டும் முன்கூட்டியே போட்டுப் பிசையாதீர்கள். உப்பில் கறியின் புரதம் கரைந்து ஒட்டிக்கொண்டு, சாசேஜ் போல ரப்பராக இறுகிவிடும். வறுத்து உடைத்தபிறகு போட்டால் பிரச்சினை இல்லை.

சட்டியின் அடியில் ஒட்டியிருப்பது

கறியை எடுத்ததும் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைத் தேய்த்துக் கழுவிவிட்டு வேறு சட்டியில் வெங்காயம் தாளித்தால், இவ்வளவு பாடும் வீண். ஸ்டூவின் ருசி அங்கேதான் இருக்கிறது. நான்ஸ்டிக் சட்டியில் அது ஒட்டவே ஒட்டாது. அதனால் இந்தச் சமையலுக்கு எவர்சில்வரோ இரும்போதான் சரி.

இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் சட்டியில் விட்டு, மீதியை வடித்துவிடுங்கள். வெங்காயம், செலரி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு வதக்கினால், வெங்காயம் விடும் ஈரத்திலேயே அடி இளகும்; மரக்கரண்டியால் சுரண்டிவிடலாம். பிறகு பூண்டைப் போட்டு, வாசம் வந்ததும் தக்காளி பேஸ்ட். இதை இரண்டு நிமிடம் வதக்காமல் சாற்றில் நேரடியாகக் கரைத்தால் டப்பா வாசம் கடைசிவரை போகாது. நிறம் செங்கல் சிவப்பாக மாறுவதுதான் கணக்கு. அதன்பின் மைதாவைத் தூவி ஒரு நிமிடம் பிரட்டி, சாற்றை முதலில் ஒரு கரண்டி மட்டும் ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதியை ஊற்ற வேண்டும். கொதிக்கிற சாற்றில் மைதாவை நேரே கொட்டினால் வெளியே வெந்து உள்ளே மாவாக இருக்கும் உருண்டைகள்தான் மிஞ்சும்.

காய் போடும் வரிசை

எல்லாக் காயையும் ஒன்றாகப் போட்டுக் குக்கரில் நாலு விசில் விடுவது துண்டுக்கறிக்குப் பழகிய கை. இங்கே உருளை கரைந்து, பீன்ஸ் வெளுத்து, எல்லாம் ஒரே கூழாகிவிடும். திறந்த சட்டியோ, பாதி மூடிய சட்டியோதான் வேண்டும்.

வறுத்த கறி, இரண்டு செ.மீ. உருளை, அதைவிடச் சற்றுச் சின்னதாக வெட்டிய கேரட் மூன்றும் சாறு கொதித்ததும் போக வேண்டும். கேரட்டைப் பெரிதாக வெட்டினால் உருளை உடையும் நேரத்திலும் அது கடிபடும். பன்னிரண்டு நிமிடம் கழித்து பீன்ஸ். இன்னும் ஐந்து நிமிடம் கழித்து, உருளையில் கத்தி முனை லேசாக இறங்கும்போது நறுக்கிய தக்காளி.

தக்காளியை இவ்வளவு தள்ளிப் போடச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காயை இறுக்கிப் பிடித்திருக்கும் பெக்டின் என்ற பொருள் புளிப்பில் சுலபத்தில் இளகாது. தக்காளி நிறைந்த சாற்றில் பச்சை உருளையைப் போட்டால் அரை மணி நேரம் கொதித்தும் நறுக் நறுக்கென்றே இருக்கும். தீ போதவில்லை என்று நினைத்து இன்னும் கொதிக்கவிடுவோம். அதற்குள் கறி உலர்ந்திருக்கும். இரண்டு கரண்டி பேஸ்ட் அந்த அளவுக்குத் தடுக்காது. முழுத் தக்காளியும் டின் தக்காளியும்தான் தடுக்கும். தக்காளி போட்டபின் பத்து நிமிடம், அதில் கடைசி நாலு நிமிடத்துக்குப் பட்டாணி. ஃப்ரோஸன் பட்டாணியை உறைபனியோடே போடலாம், முன்பே எடுத்து இளக வைத்தால் தோல் சுருங்கிவிடும்.

தீ எப்போதும் சிறியதாகவே இருக்கட்டும். மேலே அங்கங்கே ஒரு குமிழி வந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் உருளை முனை உடையும், கொழுப்பு சாற்றோடு கலந்து பிசுபிசுக்கும்.

உருளையிலும் வகை பார்க்க வேண்டும். ரஸ்ஸெட் போன்ற மாவு உருளை உடைந்து கரையும். யூகான் கோல்டும் சின்னப் புது உருளையும் உருவம் குலையாமல் நிற்கும்.

சுவை, கெட்டி

ஸ்டாக் கட்டி (தண்ணீரில் கரைத்தால் சாறாகும் கட்டி), சோயா சாஸ், வூஸ்டர் சாஸ் (புளிப்பும் உப்புமான ஆங்கிலேய சாஸ்) மூன்றிலும் உப்பு இருக்கிறது. சாறும் வற்றும். எனவே முழு உப்பையும் முதலிலேயே போட்டுவிட்டால் மீட்க வழியில்லை; கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். வூஸ்டர் சாஸ் ஒரு மேசைக்கரண்டி, இறக்குவதற்கு முன். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் பே இலையும் நம் பிரியாணி இலையும் வேறு வேறு. நம்முடையது பட்டை இனம், பட்டை வாசம் தூக்கலாக இருக்கும், ஒன்றே போதும். தைம் என்ற காய்ந்த மூலிகை அரை டீஸ்பூன், மிளகு இறுதியில். இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் சேர்ந்தால் அது அருமையான கைமா குருமாவாகலாம், ஆனால் காய்களின் இனிப்பும் தைம் வாசமும் அதில் எழாது.

இன்னும் தண்ணியாக இருந்தால் சோளமாவுக்குக் கை நீட்டுவதற்கு முன் நாலைந்து உருளைத் துண்டுகளைச் சட்டியின் ஓரத்தில் மசித்துக் கலக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். சோளமாவுதான் என்றால் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடம் கொதித்ததும் இறக்கிவிட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் மறுபடி இளகும்.

பத்திரமாக

துண்டுக்கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். அரைக்கும்போது அது உள்ளே எல்லாம் கலந்துவிடுகிறது. அதனால்தான் அரைத்த கறி முழுவதும் 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும் என்கிறார்கள். கொதிக்கும் ஸ்டூ அதைத் தாராளமாகத் தாண்டிவிடும். ஆபத்து முன்னும் பின்னும்தான் இருக்கிறது. பச்சைக் கொத்துக்கறி ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான் தாங்கும். உறைந்த கறியை மேடையில் வைக்காமல் ஃப்ரிட்ஜிலேயே இளக வையுங்கள். வறுத்துவிட்டு மிச்சத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்று அரைவேக்காட்டில் நிறுத்தக் கூடாது.

சமைத்ததைப் பெரிய சட்டியோடு ராத்திரி முழுக்க அடுப்பிலேயே விடுவது மோசமான பழக்கம். இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று, நாலு நாள் இருக்கும். சாப்பிடும் அளவை மட்டும் எடுத்து, நன்றாகக் கொதி வரும்வரை சூடாக்குங்கள். மைதாவும் உருளையும் இரவில் சாற்றைக் குடித்துக் கெட்டியாகிவிடும் என்பதால் கால் டம்ளர் வெந்நீர் சேர்த்துக்கொள்ளலாம். ஃப்ரீஸரில் வைப்பதற்கென்றே செய்தால் உருளையைப் போடாதீர்கள், உறைந்து இளகும்போது அது பஞ்சாகித் தண்ணீர் விடும். வெளியே எடுத்துச் சூடாக்கும் நாளில் தனியே வேகவைத்துச் சேர்த்தால் போதும்.