127-இல் அறுந்த ஸ்டாக்

நான் எழுதிய பார்சர் (உரையைப் பகுத்துப் படிக்கும் நிரல்) தன்னையே திரும்பத் திரும்ப அழைக்கும் வகை. லினக்ஸில் நிரலின் ஓட்டத்தை அளக்கும் பெர்ஃப் கருவியில் அதை அளந்து, எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று அடுக்கிக் காட்டும் ஃப்ளேம் கிராஃப் போட்டால், நிரல் தொடங்கும் மெயினிலிருந்து எழ வேண்டிய கோபுரம் பத்துப் பதினைந்து துண்டுகளாக, அடியில்லாமல் நின்றது. அழைப்புகளைப் பின்தொடர உதவும் ஃபிரேம் பாயின்டர் இல்லையோ என்று மறுபடி கம்பைல் செய்ததில் ஒரு மாலை போனது.

அப்புறம்தான் ஒரு ஸ்டாக்கை, அதாவது அழைப்புகளின் அடுக்கை, எண்ணிப் பார்த்தேன். சரியாக 127 ஃபிரேம், அழைப்புக்கு ஒன்றாக. லினக்ஸின் மையமான கெர்னல், கடைசி அழைப்பு இருக்கும் உள்முனையிலிருந்து வெளியே எண்ணிக்கொண்டு வந்து 127-இல் நின்றுவிடுகிறது. அறுபடுவது மெயின் இருக்கும் பக்கம்.

முன்பு இது கெர்னலுக்குள்ளேயே பொறித்த எண். 2016-இல் பெர்ஃப்_ஈவென்ட்_மேக்ஸ்_ஸ்டாக் என்ற அமைப்பாக மாற்றிவிட்டார்கள். முழு உரிமையுள்ள ரூட்டாக நுழைந்து, கெர்னல் அமைப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் வழியாக 1024 என்று கொடுத்தேன். "பிஸி" என்று மறுத்தது! இன்னொரு டெர்மினலில் பெர்ஃப் ஓடிக்கொண்டிருந்தது. கால்செயின் (அழைப்புத் தொடர்) பதிவு நடக்கும்போது இதைத் தொட விடாது. அதை நிறுத்தியதும் ஏற்றுக்கொண்டது.

அப்படியும் படம் மாறவில்லை. படிக்கும் பக்கத்திலும் அதே 127 உட்கார்ந்திருந்தது. பதிவை உரையாக எடுத்துத் தரும் பெர்ஃப் ஸ்கிரிப்டுக்கு மேக்ஸ்-ஸ்டாக் 1024 என்று தனியாகச் சொன்ன பிறகே ஒற்றைக் கோபுரம் வந்தது. பதிவுக் கோப்பு மட்டும் நன்றாகவே பெருத்துவிட்டது.