பால்வினைத் தொற்றுப் பரிசோதனைக்கு முதல்முறை போகிறீர்களா? படிப்படியாக ஒரு வழிகாட்டி

"உடம்புக்கு ஒன்றும் இல்லையே, அப்புறம் எதற்கு டெஸ்ட்?" அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்த காலத்தில் நான் அதிகம் கேட்ட கேள்வி இது. கேட்பவர் மேல் தப்பில்லை. நோய் வந்தால் வலிக்கும், காய்ச்சல் அடிக்கும், எப்படியும் தெரிந்துவிடும் என்றே நாம் பழகியிருக்கிறோம். பால்வினைத் தொற்றுகள் அப்படி வருவதில்லை.

கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. கருக்குழாய் அடைபட்டு, வருஷக்கணக்கில் குழந்தை இல்லாமல் டாக்டரிடம் போகும்போதுதான் சிலருக்குத் தெரியவரும். சிபிலிஸில் முதலில் வரும் புண் வலிக்காது. சில வாரங்களில் மருந்தே இல்லாமல் ஆறியும்விடும். "சரியாகிவிட்டது" என்று நினைத்து விட்டுவிடுவார்கள், கிருமி உள்ளேயே இருக்கும். எச்.ஐ.வி. பல வருஷம் வெளியே தெரியாமல் இருக்கும். குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டுமே உலகம் முழுக்க ஒரு நாளைக்குப் பத்து லட்சத்துக்கு மேல் புதிதாகத் தொற்றுகின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவை அறிகுறி இல்லாதவை. அதனால் உடம்பு சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதல்முறை போகிறவருக்கு எங்கே போவது, என்ன கேட்பது, சீட்டில் வருவதை எப்படிப் படிப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன். நடைமுறைகள் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுடையவை.

படி 1: எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள்

ஆணுறை இல்லாமல், அல்லது அது கிழிந்துபோய், உறவு நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லையா? அப்படியென்றால் இந்தக் கட்டுரையை அப்புறம் படித்துக்கொள்ளலாம். உடனே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், அவசர சிகிச்சைப் பிரிவில் "பெப் மருந்து வேண்டும்" என்று சொல்லுங்கள். எச்.ஐ.வி. வராமல் தடுக்க 28 நாள் சாப்பிடும் மாத்திரை அது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்குப் பிறகு கொடுப்பதில்லை. வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் இதே நேரக் கணக்குதான்.

அந்த நேரம் தாண்டிவிட்டது என்றால் அடுத்தது விண்டோ பீரியட், அதாவது தொற்றிய பிறகு அது பரிசோதனையில் தெரிய ஆகும் நாட்கள். கிருமி உள்ளே வந்த மறுநாளே பரிசோதனையில் தெரியாது. கொனோரியா, கிளமிடியா இரண்டுக்கும் சுமார் இரண்டு வாரம் போக வேண்டும். எச்.ஐ.வி.க்கு விரல் நுனியில் ரத்தம் எடுத்துச் செய்யும் விரைவுப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால், மூன்று மாதம் முடிந்த பிறகு வந்த முடிவைத்தான் உறுதியாக நம்பலாம். லேபில் ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்துச் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள் போதும். சிபிலிஸுக்கும் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புண், எரிச்சல், சீழ், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். இன்றைக்கே போங்கள்.

படி 2: எந்தெந்தப் பரிசோதனை

"எல்லா டெஸ்டும் எடுத்திருக்கேன்" என்பார்கள். சீட்டை வாங்கிப் பார்த்தால் எச்.ஐ.வி. மட்டும் இருக்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் எல்லாத் தொற்றும் தெரிந்துவிடாது. குறைந்தபட்சம் நான்கைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: எச்.ஐ.வி., சிபிலிஸுக்கு வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர்., மஞ்சள் காமாலை பி வகைக்கு எச்.பி.எஸ்.ஏஜி., மஞ்சள் காமாலை சி வகைக்கு எச்.சி.வி. ஆன்டிபாடி.

கொனோரியாவும் கிளமிடியாவும் ரத்தத்தில் தெரியாது. சிறுநீரிலோ, உறவு நடந்த இடத்தில் பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரியிலோதான் பார்க்க வேண்டும். வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் வராது. 30 வயது தாண்டிய பெண்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கேட்கலாம். அதுவும் பாலுறவால் பரவும் எச்.பி.வி. வைரஸால் வருவதுதான்.

படி 3: எங்கே போவது

எச்.ஐ.வி. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்ட, தாலுகா மருத்துவமனைகளில் இருக்கிறது, கட்டணம் கிடையாது. மற்ற பால்வினைத் தொற்றுகளுக்கு அதே வளாகத்தில் இருக்கும் பால்வினை நோய்ப் பிரிவு. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கென்றே தனி நிலையம் உண்டு. பெண்கள், கூச்சமாக இருந்தால், மகப்பேறு பிரிவிலேயே தொடங்கலாம்.

ஓ.பி. சீட்டு போடும் இடத்தில்தான் பலர் திரும்பிவிடுகிறார்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்க, "என்ன பிரச்சினை?" என்று கேட்டால் யாருக்கும் நா எழாது. "தோல் டாக்டரைப் பார்க்கணும்" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். மீதியை உள்ளே டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். நம்பிக்கை மையத்துக்கு நேராகவே போகலாம், யாரும் எழுதித்தர வேண்டியதில்லை.

லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருமுறை வந்து போகும் "பரம்பரை வைத்தியர்" பக்கம் போகவே வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் எனக்குப் போதாது. பயத்தைக் காட்டி ஆயிரக்கணக்கில் பிடுங்கிக்கொண்டு, பரிசோதனையே செய்யாமல் லேகியம் கொடுத்து அனுப்புவார்கள். மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் ஆபத்துதான். கொனோரியா கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்கு அடங்குவதில்லை. அரைகுறை மருந்து அதை அடக்காது, அறிகுறியை மட்டும் மறைத்துவிடும்.

படி 4: உள்ளே என்ன நடக்கும்

நம்பிக்கை மையத்தில் முதலில் ஆலோசகர் தனியாக உட்கார வைத்துப் பேசுவார். கல்யாணம் ஆனதா, யாரோடு உறவு, ஆணா பெண்ணா, ஆணுறை போட்டீர்களா என்று கேட்பார். உங்களை எடைபோடக் கேட்பதில்லை. எந்தப் பரிசோதனை, எத்தனை நாள் கழித்து என்று முடிவு செய்ய அவருக்கு அது தேவை. ஆணுக்கு ஆணோடு உறவு என்றாலும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் எடுக்க வேண்டிய மாதிரி ஒன்று விட்டுப்போகும்.

"அக்கா, வீட்டுக்கு போன் பண்ணிருவீங்களா?" என்று எத்தனையோ தம்பிகள் கேட்டிருக்கிறார்கள். பண்ண மாட்டோம். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும், முடிவை வெளியே சொல்வதையும் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வேலையிலோ மருத்துவமனையிலோ பாகுபாடு காட்டினாலும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது.

அடுத்து ரத்தம். மோதிர விரல் நுனியைப் பஞ்சால் துடைத்து, சின்ன ஊசியால் ஒரு குத்து. ஒரு சொட்டைப் பரிசோதனைப் பட்டையில் விட்டு, மேலே மருந்துத் துளி விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோடு தெரியும். பட்டை வேலை செய்கிறது என்பதற்கான கோடு அது, எல்லோருக்கும் வரும். அதைப் பார்த்து பயந்துவிடாதீர்கள். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தபோது, ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்த்தான் பரிசோதிக்க முடிந்தது. இன்றைக்கு அதே பதில் நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலேயே, அரை மணி நேரத்துக்குள் கிடைக்கிறது.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. சிறுநீர்ப் பரிசோதனைக்குத்தான் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சர்க்கரை, உப்புக்குப் பார்க்கும்போது "நடுவில் வருவதைப் பிடியுங்கள்" என்பார்கள். கிளமிடியா, கொனோரியாவுக்கு நேர்மாறு. குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்து, முதலில் வரும் 20 அல்லது 30 மி.லி.யை மட்டும் பிடிக்க வேண்டும். கிருமி அதில்தான் அதிகம் இருக்கும்.

படி 5: சீட்டைப் படிப்பது

"நான்-ரியாக்டிவ்" என்றால் தொற்று தெரியவில்லை என்று அர்த்தம். இன்று வரைக்கும் அல்ல, பரிசோதனை நாளிலிருந்து விண்டோ பீரியடைப் பின்னால் கழித்தால் வரும் நாள் வரைக்கும். அதனால் சீட்டில் தேதியைப் பாருங்கள், இடையில் ஏதாவது நடந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

எச்.ஐ.வி.யில் முதல் பட்டை "ரியாக்டிவ்" என்று வந்தால் அதோடு முடிவு சொல்லிவிட மாட்டார்கள். நம் நாட்டில் வெவ்வேறு வகையான மூன்று கிட்களில் பார்த்த பிறகுதான் பாசிட்டிவ் என்று உறுதி செய்வார்கள். உறுதியானால், எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாக மாத்திரை. 2004இல் தாம்பரம் மருத்துவமனையும் சேர்ந்து தொடங்கிய திட்டம் அது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவு மூலம் அடுத்தவருக்குப் பரவாது.

அதிகம் குழப்புவது வி.டி.ஆர்.எல். முடிவு. "ரியாக்டிவ் 1:32" என்று இருக்கும். ரத்தத்தை 32 மடங்கு நீர்த்த பிறகும் தெரிகிறது என்று பொருள். இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நோய் சுறுசுறுப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். 1:2 போலச் சின்ன எண்கள் சிலசமயம் சிபிலிஸ் இல்லாமலும் வரும். கர்ப்பம், மலேரியா, தொழுநோய், மூட்டுவாதம் போன்றவற்றில் அப்படி நடப்பதுண்டு. அதனால்தான் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். டி.பி.எச்.ஏ. ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், நோய் குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். இது தெரியாமல், பென்சிலின் ஊசி போட்டு நன்றாகிவிட்டவர்கள் திரும்பத் திரும்ப டி.பி.எச்.ஏ. எடுத்துப் பார்த்து அழுவதைக் கண்டிருக்கிறேன். குணமாகிறதா என்று பார்க்க வி.டி.ஆர்.எல். எண்தான் வேண்டும். 1:32 இருந்தது ஆறு மாதம், ஒரு வருஷத்தில் 1:8க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் ஊசி வேலை செய்திருக்கிறது. பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் புதிய எண்ணைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

படி 6: சிகிச்சை, துணை

அரசு மருத்துவமனைகளில் சீழ், புண் போன்ற அறிகுறி இருந்தால் லேப் முடிவுக்குக் காத்திருக்காமல், அறிகுறியைப் பார்த்தே நிறம் பிரித்த மருந்துப் பெட்டி கொடுப்பது வழக்கம். அதைப் பாதியில் நிறுத்தாமல் முடியுங்கள். டாக்டர் சொல்லும் வரை உறவு வேண்டாம். கிளமிடியா, கொனோரியா என்றால் மருந்து முடிந்து குறைந்தது ஏழு நாள்.

துணைக்கும் மருந்து போயாக வேண்டும், இல்லையென்றால் அது உங்களிடமே திரும்பி வரும். "அவருகிட்ட எப்படிக்கா சொல்றது?" என்று கேட்ட பெண்களுக்கு நான் சொன்ன வழி: "டாக்டர் ரெண்டு பேரையும் வரச் சொன்னாரு" என்று மட்டும் சொல்லிக் கூட்டி வாருங்கள். மீதிப் பேச்சை ஆலோசகரிடம் விடுங்கள். வீட்டில் அடி உதைக்குப் பயம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள், வேறு வழி யோசிப்பார்கள்.

இன்னொன்று. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பார்க்கிறார்கள். மனைவியின் சீட்டைப் பார்த்து "அப்ப எனக்கும் நெகட்டிவ்தானே" என்று கணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இன்னும் தொற்றாமல் இருக்கலாம். கர்ப்ப காலத்தில் தொற்றினால் குழந்தைக்கும் போகும். மனைவியோடு வரும்போதே நீங்களும் விரலை நீட்டிவிடுங்கள்.

படி 7: அடுத்தது எப்போது

இருவரும் பரிசோதித்து, இருவருக்கும் வேறு உறவு இல்லையென்றால் அடிக்கடி தேவையில்லை. புதிய துணை என்றால், ஆணுறையை விடுவதற்கு முன்னால் இருவரும் ஒருமுறை. ஒன்றுக்கு மேற்பட்ட துணை என்றால் வருஷம் ஒருமுறையாவது. ஆணோடு உறவுள்ள ஆண்கள், திருநங்கைகள், பாலியல் தொழிலில் இருப்பவர்கள் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை. கிளமிடியா, கொனோரியாவுக்கு மருந்து எடுத்தவர்கள் மூன்று மாதத்தில் மறுபடி. மஞ்சள் காமாலை பி இல்லை என்று வந்தால் அன்றைக்கே தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

போவதற்கு முன் யாரிடமாவது கேட்டுக்கொள்ள வேண்டும் என்றால் 1097க்கு அழையுங்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலவச எண். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நம்பிக்கை மையம் எங்கே என்று அங்கேயே கேட்கலாம்.