நாமஜெபம்: வீட்டில் தொடங்கும் முறை

முதலில் ஒரு திருநாமத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்தபின் அதை மாற்றாதீர்கள். குலதெய்வத்தின் பெயரோ, சிறுவயது முதல் வாயில் தானாக வரும் பெயரோ இருந்தால் அதுவே போதும். மற்றவர்கள் 'நமசிவாய', 'ராம ராம', 'சரவணபவ' போன்றவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். பீஜாட்சரம் (ஹ்ரீம், க்லீம் போன்ற வித்தெழுத்து) சேர்ந்த மந்திரங்களுக்குக் குருவின் உபதேசம் வேண்டும் என்பது மரபு. இறைவனின் பெயரைச் சொல்ல அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சிவனா, திருமாலா என்ற தயக்கமும் வேண்டாம். மாசி சிவராத்திரியையொட்டி, முன்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை 12 சிவாலயங்களுக்கு ஓடும் நம் குமரி மாவட்டத்துப் பக்தர்கள், கையில் பனையோலை விசிறியுடன் வழிநெடுக 'கோவிந்தா, கோபாலா' என்றே முழங்குகிறார்கள். சுசீந்திரத்திலோ சிவன் (தாணு), திருமால் (மால்), பிரமன் (அயன்) ஆகிய மூவரும் தாணுமாலயன் என்ற ஒரே பெயரில் அடங்கியிருக்கிறார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை அதிகாலை சிறந்தது. ஆனால் அந்தியில் விளக்கு வைத்து நாமம் சொல்லும் வழக்கமுள்ள வீடுகளில் அந்த வேளையையே பிடித்துக்கொள்வது நல்லது. ஏற்கெனவே உள்ள பழக்கத்தோடு சேர்வது நிலைத்து நிற்கும்.

ஜெபத்தை மூவகையாகச் சொல்வார்கள்: பிறர் காதில் விழும்படி சொல்வது வாசிகம், உதடு மட்டும் அசைய முணுமுணுப்பது உபாம்சு, மனத்துக்குள்ளேயே சொல்வது மானசம். மானசமே உயர்ந்தது என்று நூல்கள் கூறினாலும், தொடக்கத்திலேயே அதற்குத் தாவுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாய் ஓய்ந்ததும் மனம் சந்தைக்கும் வயலுக்கும் போய்விடும். சில மாதங்கள் வாய்விட்டுச் சொல்லி, நாமம் நாவில் ஊறியபின் குரலைத் தாழ்த்துங்கள்.

மாலை வைத்திருப்பவர்கள் 108 மணிகள் கொண்டதை எடுத்து, நடுவிரலின் மேல் படியவிட்டு, ஒரு நாமத்துக்கு ஒரு மணியாகக் கட்டைவிரலால் தம்மை நோக்கித் தள்ள வேண்டும். ஆள்காட்டி விரல் மாலையில் படக்கூடாது. தனித்துத் தெரியும் மேரு மணியை அடைந்ததும் அதைத் தாண்டாமல் மாலையைத் திருப்பி, வந்த வழியே மறுபடி தொடங்குவது முறை. சிவநாமத்துக்கு உருத்திராட்சமும் திருமால் நாமத்துக்குத் துளசியும் வழக்கம். மாலை இல்லாதவர்கள் விரல் கணுக்களில் எண்ணலாம்.

எண்ணிக்கையை முடிக்கும் அவசரமே பெரிய இடையூறு. ஒவ்வொரு நாமத்தையும் முழுதாக உச்சரித்து, அதன் கடைசி எழுத்து ஒலித்து அடங்குவதைக் காதால் கேட்டபின் அடுத்த மணிக்குப் போங்கள். இடையில் மனம் விலகியது தெரிந்தால், நொந்துகொள்ளாமல், விலகிய இடத்திலிருந்தே அடுத்த நாமத்தைச் சொல்லுங்கள். அப்படித் திரும்பத் திரும்ப மனத்தை அழைத்து வருவதே இந்தச் சாதனை. விலகாத மனத்தோடு அமர்பவர் யாருமில்லை.

பலன்களுள் முதலில் தெரிவது மூச்சின் நிதானம். 2001-ஆம் ஆண்டு வெளியான ஓர் இத்தாலிய ஆய்வில், கத்தோலிக்கரின் ஜெபமாலைப் பிரார்த்தனையோ மந்திரமோ சொன்னவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவுக்குக் குறைந்ததும், இதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்க லயம் வலுப்பெற்றதும் பதிவாகியுள்ளன. படபடப்பும் கோபமும் எழும்போது நாமம் கைகொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். மருத்துவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்தலாகாது. பக்தருக்கோ, கேட்டதைப் பெறுவதைவிட, அழைத்த பெயருக்கு உரியவன் அருகில் இருக்கிறான் என்ற துணிவே பெரும் பலன். கீதையில் கண்ணன், வேள்விகளுள் தான் ஜெபவேள்வி என்று சொன்னதும் எளியவருக்கும் எட்டும் இந்த வழியைத்தான்.

ஒரு நாள் விடுபட்டால் மறுநாள் இரட்டிப்பாகச் சொல்லி ஈடுகட்ட வேண்டியதில்லை. வழக்கமான நேரத்தில் அமர்ந்து, வழக்கமான 108-ஐச் சொன்னால் போதும்.