ஏசி வகுப்பறைக் காற்றை சென்சார் வைத்து அளப்பது எப்படி?

ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. மதுரை வெயிலுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு 60 பேர் உட்காரும் வகுப்பில் முதலில் அளக்க வேண்டியது கார்பன் டை ஆக்சைடு. வெளியே சுமார் 425 பிபிஎம் (பத்து லட்சத்தில் 425 பங்கு) இருக்கும். உள்ளே நெடுநேரம் 1000-க்கு மேல் நின்றால் காற்றோட்டம் போதவில்லை.

ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), கார்பன் டை ஆக்சைடுக்கு எஸ்சிடி41 சென்சார், தூசிக்கு பிஎம்எஸ்5003 சென்சார், 5 வோல்ட் அடாப்டர், மெமரி கார்டு போதும். மலிவாகக் கிடைக்கிறதென்று எம்க்யூ135 வாயு சென்சாரை வாங்காதீர்கள். சானிடைசர் வாசத்துக்கும் எகிறும் அது, கார்பன் டை ஆக்சைடை அளக்க உதவாது.

எஸ்சிடி41-க்கு 3.3 வோல்ட்; அதன் எஸ்டிஏ (தரவு) கம்பி ஈஎஸ்பி32-ன் 21-ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் (கடிகாரத் துடிப்பு) கம்பி 22-ஆம் பின்னுக்கு. பிஎம்எஸ்5003-க்கு 5 வோல்ட் கொடுக்க வேண்டும், குறைந்தால் உள்ளிருக்கும் விசிறி சரியாகச் சுற்றாது. அதன் டிஎக்ஸ் (தரவு அனுப்பும்) கம்பி 16-ஆம் பின்னுக்கு, தரவு வேகம் 9600 பாட். விசிறி ஓடத் தொடங்கிய முதல் 30 விநாடி எண்களைத் தள்ளிவிடுங்கள். பிஎம்2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான நுண்தூசி) அளவை நம்பலாம். பிஎம்10 (10 மைக்ரான் வரையிலான தூசி) வேண்டாம், சாக்பீஸ் தூள் போன்ற பெரிய துகள்களை இது ஒழுங்காகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தூசி அளவைக் கூட்டியும் காட்டும்.

இவற்றைத் துளையிட்ட ஒரு பெட்டியில் வைத்து, தரையிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், யார் மூச்சும் நேரே படாத சுவரில் மாட்டுங்கள். ஏசி காற்று அடிக்கும் இடமும் மேற்கு வெயில் காயும் சுவரும் ஆகாது. துளைகளுக்கு வலை ஒட்டுங்கள், பல்லி புகுந்துவிடும்.

பலரும் ஏமாறுவது, சென்சார் தன் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் தானியங்கித் திருத்தத்தில்தான். எஸ்சிடி41 வாரம் ஒருமுறையாவது வெளிக்காற்றைப் பார்க்கும் என்று நம்பி, தான் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று வைத்துக்கொள்ளும். மாலையில் வாட்ச்மேன் மெயினை அணைத்துவிட்டால், இரவில் காற்று தெளிவதை சென்சார் பார்க்கவே பார்க்காது. பகலில் கண்ட 650-ஐ 400 என்று வைத்துக்கொண்டால், அதன்பின் எல்லாவற்றையும் 250 குறைத்தே சொல்லும். அறை நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்! ஆகவே அந்த வசதியை நிறுத்திவிடுங்கள். மொட்டைமாடி நிழலில், ஆள் இல்லாத இடத்தில், சென்சாரை 5 நிமிடம் ஓடவிட்டு 'இப்போதைய அளவு 425' என்று நீங்களே சொல்லும் கட்டாயத் திருத்தம் கொடுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

வளாக வைஃபை லாகின் பக்கம் கேட்டால் ஈஎஸ்பி32 திணறும். கார்டில் நிமிடத்துக்கு ஒரு வரி எழுதவிடுங்கள்.

காற்றோட்டத்தைக் கணக்கிட, வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியேறிய நேரத்தைக் குறியுங்கள். அப்போது 1425 என்றால் வெளிக்காற்றைவிட 1000 அதிகம். அந்த அதிகம் பாதியாகி, அளவு 925-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது? 42-ஐ (பாதியாகும் கணக்குக்கான 0.7 × 60 நிமிடம்) அந்த நிமிடங்களால் வகுங்கள். 30 நிமிடம் என்றால் மணிக்கு 1.4 முறை காற்று மாறுகிறது; நிறைந்த வகுப்புக்கு இது மிகக் குறைவு.

எதிரெதிர் ஜன்னல்களை ஒரு சாண் திறந்து, மறுபடி அளங்கள். தேனி ரோடு மாதிரி வண்டிகள் ஓடும் ரோட்டைப் பார்த்த அறையானால் பிஎம்2.5 கூடுகிறதா என்றும் கவனியுங்கள். கூடினால் ரோட்டுப் பக்கத்தைச் சாத்திவிட்டு, மறுபக்க ஜன்னலையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் வைத்து முயலுங்கள்.