டயர் மாற்றினால் மைலேஜ் ஏன் குறைகிறது? முதலில் விட்டத்தைக் கணக்குப் போடுங்கள்

185/65 R15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65%, ரிம் 15 இன்ச். விட்டம்: 185 × 0.65 × 2 = 240.5, ரிம்முக்கு 15 × 25.4 = 381. மொத்தம் 621.5 மி.மீ.

"195/65 போடுங்க சார், கிரிப் நல்லா இருக்கும்" என்பார் கடைக்காரர். அதன் விட்டம் 634.5 மி.மீ., 2.1% அதிகம். ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றுகளைத்தான். அது 400 கி.மீ. காட்டும்போது வண்டி ஓடியது சுமார் 408. ஆகவே, டேங்கை நிரப்பி மறுபடி நிரப்பும் கணக்கில், கி.மீ.யை 1.021ஆல் பெருக்கிய பிறகே பழைய மைலேஜோடு ஒப்பிடுங்கள். புலம்பலில் ஒரு பங்கு அங்கேயே அடங்கிவிடும்!

மிச்சம் நிஜமான இழப்பு. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊர் ஓட்டத்தில் சக்கரத்தின் கனம் பெட்ரோலைத் தின்னும். ஹைவேயில் அகலமான டயர் காற்றை அதிகம் எதிர்க்கும்.

16 இன்ச் அலாய்தான் வேண்டுமென்றால் 195/55 R16 பாருங்கள்: 620.9 மி.மீ., மீட்டர் ஏறக்குறைய மாறாது. ரிம்மையும் டயரையும் சேர்த்துத் தராசில் வையுங்கள். அலாய் என்றாலே லேசு என்று நம்ப வேண்டாம். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழையதைவிடக் குறையக் கூடாது. ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாக ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள்.

காற்றழுத்தத்தை டயர் சூடேறும் முன் காலையில் பாருங்கள். கதவுத் தூண் ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் கம்பெனி டயர் அளவுக்கானது.